கடவுச்சொல்லை யார் பார்க்கிறார்கள்?

புதிய செயலி ஒன்றில் ‘கூகுள் கணக்கு மூலம் நுழைக’ என்பதைத் தொட்டால், பல நேரங்களில் பிரவுசர் திறக்கிறது. அங்கே வேலை முடிந்ததும் மறுபடி செயலிக்கு வருகிறோம். கடவுச்சொல்லைச் செயலிக்குள்ளேயே கேட்டுவிட்டால் என்ன? எதற்கு இந்தச் சுற்றுவழி?

கேட்கும் கட்டத்தைச் செயலியே வரைந்தால், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதற்குத் தெரியும். வங்கியின் சொந்தச் செயலி என்றால் பாதகமில்லை. கணக்கும் அதனுடையது, திரையும் அதனுடையது. ஒரு விளையாட்டுச் செயலி நம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்பது அப்படியல்ல.

‘வெப்வியூ’ இன்னும் வில்லங்கமானது. பார்த்தால் இணையப் பக்கம். உண்மையில் செயலியின் பிடியில் இருக்கும் ஜன்னல். அந்தப் பக்கத்துக்குள் செயலி தன் நிரலைப் புகுத்தி, தட்டுவதைப் படிக்கலாம், குக்கீயையும் எடுக்கலாம். முகவரிப் பட்டை இல்லாவிட்டால், வந்திருப்பது போலிப் பக்கமா என்று பார்க்கவும் வழியில்லை.

அதனால்தான் 2017-ல் கூகுள் வெப்வியூ வழியாக வரும் உள்நுழைவுகளைத் தடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். வெளியிட்ட ‘ஆர்.எஃப்.சி. 8252’, செயலிகள் இதற்கு வெளிப் பிரவுசரையே பயன்படுத்த வேண்டும் என்றது. இம்முறையில் செயலியின் கைக்கு வருவது ‘டோக்கன்’ என்னும் அனுமதிச் சீட்டு மட்டுமே. இன்னின்ன விவரங்களைத்தான் பார்க்கலாம் என்று அதற்கு எல்லை உண்டு. கடவுச்சொல்லை மாற்றாமலே அதை ரத்தும் செய்யலாம். பிரவுசரில் ஏற்கெனவே நுழைந்திருந்தால், மறுபடி தட்டும் வேலையும் மிச்சம்.

விசைப்பலகை இல்லாத டி.வி.க்கு வேறு வழி. திரையில் ஒரு குறியீடு தோன்றும்; அதைக் கைபேசியில் கொடுத்து அனுமதிக்கிறோம். அதுவரை டி.வி., வழக்கமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ‘ஆயிற்றா?’ என்று சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும். 2019-ல் வந்த இதற்கான தரம் சுவையான யோசனை ஒன்றும் சொல்கிறது: ஆங்கில உயிரெழுத்துகளையும் ஒய் எழுத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சும் 20 எழுத்துகளால் குறியீடு அமைக்கலாம். தற்செயலாக ஏதாவது சொல் உருவாகி சங்கடப்படுத்தாது. எட்டு எழுத்துகள் போதும், 2,560 கோடிக் குறியீடுகள் கிடைக்கும்.

இப்போது பரவிவரும் ‘பாஸ்கீ’யில் கடவுச்சொல்லே கிடையாது. விரல்ரேகை கேட்கும் திரையை வரைவது ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ. கடவுச்சொல்லுக்குப் பதிலாக இருக்கும் ரகசியச் சாவி செயலியின் கண்ணில் படாது. ஒரு தளத்துக்கான சாவி, அதைப் போலவே பெயர் வைத்த போலித் தளத்தில் வேலை செய்யாது. ஆக, திரை வலைப்பக்கமா, செயலியின் சொந்த வடிவமா என்பதைவிட, அது யார் பிடியில் இருக்கிறது என்பதே முக்கியம்.

டி.வி. முறையில் மட்டும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. மோசடிக்காரர் தன் கருவியில் தோன்றிய குறியீட்டை நமக்கு அனுப்பி, ‘இதைக் கொடுங்கள்’ என்பார். பக்கம் அசலானதுதான், ஆனால் நாம் அனுமதி தருவது அவருடைய கருவிக்கு. நம் கண்முன் இருக்கும் திரையில் தோன்றாத குறியீட்டை, யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.