லூயிஸ் சுவாரஸின் களமுடிவுகள்: முன்னறிய இயலாமையின் மூன்று நிலைகள்

ஆய்வுச் சுருக்கம்

உருகுவே நாட்டின் கால்பந்து முன்கள ஆட்டக்காரர் லூயிஸ் சுவாரஸ் ‘கணிக்க முடியாதவர்’ எனப் பெயர் பெற்றவர். இவ்வொரு சொல் தன்மையால் வேறுபட்ட மூவகைச் செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது. அவற்றைப் பிரித்தறிந்தாலன்றி அவருடைய முடிவுகளை விளக்கவோ மதிப்பிடவோ இயலாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து, முடிவெடுத்தல், ஆட்டக் கோட்பாடு, விதி, உணர்ச்சி வேகம்.

முன்னுரை

ஒரு செயலை முன்னறிய இயலவில்லை என்பதனால் அதற்குக் காரணமே இல்லை என்றாகாது. யாரால் முன்னறிய இயலவில்லை என்பதே முதற்கண் எழுப்பத்தக்க வினா. சுவாரஸின் செயல்களுள் சில எதிராளிக்கு மட்டும் புலப்படாதவை. சில ஆட்ட வழக்கத்தை நம்பியிருப்போர் எதிர்பாராதவை. சில அவருடைய கட்டுப்பாட்டிற்கே அடங்காதவை.

1. எதிராளிக்குப் புலப்படாமை

எதிரெதிர் நலன் கொண்ட இருவர் ஆட்டத்தில் தன் தேர்வை மறைத்துக் கலந்து ஆடுவதே அறிவுடைமையாகலாம் என்பது, 1928இல் ஜான் வான் நாய்மன் நிறுவிய தேற்றத்தின் வழிப் பெறப்படும் கருத்தாகும். இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்த்தா 1,417 பெனால்டி உதைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரை, தொழில்முறை ஆட்டக்காரர்களின் தேர்வுகள் இக்கோட்பாட்டோடு பொருந்துவதைக் காட்டியது. அவர்கள் முந்தைய உதையின் திசையைச் சார்ந்து அடுத்த திசையைத் தேர்வதில்லை. எத்திசையில் உதைப்பினும் வெற்றி விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகிறது.

ஓடும் ஆட்டத்தில் சுவாரஸ் கையாளும் உத்தியையும் இவ்வாறே நோக்கலாம். 2015 ஏப்ரலில் பாரிஸ் அணிக்கு எதிராக பார்சிலோனாவுக்கு அவர் அடித்த இரு கோல்களிலும் தடுப்பாட்டக்காரர் டேவிட் லூயிஸின் கால்களுக்கு இடையே பந்தைச் செலுத்தினார். இருபுறமும் செல்லக்கூடியவர் எனும் அச்சமே தடுப்பவரைக் கால் அகற்றி நிற்கச் செய்கிறது. உடற்பாரம் ஒரு காலில் இறங்கிய கணத்தில் அவ்விடைவெளியை உடனே மூட இயலாது. தடுப்பவருக்கு வியப்பாக அமைவது ஆடுபவருக்கு வாய்ப்பாகிறது.

2. வழக்கத்திற்கு மாறாமை, விதிக்கு உட்பட்ட விளைவு

2010 ஜூலை 2 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதியில் உருகுவேயும் கானாவும் 1–1 எனச் சமநிலையில் இருந்தன. கூடுதல் நேரத்தின் இறுதிக் கணத்தில், வலைக்குள் புகவிருந்த டொமினிக் அடியாவின் தலைமுட்டலைச் சுவாரஸ் கைகளால் தடுத்தார். சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அசமோவா ஜியான் உதைத்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டது. பின்னர் பெனால்டி முறையில் உருகுவே 4–2 என வென்றது.

தடுக்காவிடில் கோல் உறுதி. தடுத்தாலோ, பொதுவாக ஐந்தில் நான்கு என்ற அளவில் கோலாகும் பெனால்டி மட்டுமே எதிரணிக்குக் கிடைக்கும். நேரம் முடிந்துவிட்டமையால் ஆள்குறைவும் பெரிய இழப்பன்று. ஆகவே அச்செயல் கணக்கோடு பொருந்துகிறது. எனினும், கணக்கோடு பொருந்துவதாலேயே அவர் கணக்கிட்டார் என்று கொள்ளல் பிழையாகும். நொடிப்பொழுதில் அத்தகைய ஆய்வுக்கு இடமில்லை. இங்கு உண்மையில் வெளிப்படுவது விதியின் இடைவெளியே. ரக்பி ஆட்டத்தில், முறைகேடு நிகழாவிடில் ‘டிரை’ கிடைத்திருக்கும் என நடுவர் கருதினால் அதனையே வழங்கலாம். கால்பந்தில் அவ்வாறு கோல் வழங்க இயலாது. ஆப்பிரிக்காவின் முதல் அரையிறுதி அணியாகும் வாய்ப்பைக் கானா அன்று இழந்தது. அப்பெருமை 2022இல் மொராக்கோவுக்கு வாய்த்தது. ஒரு மனிதரின் குணத்தை மட்டும் பழிப்பது, விதியை ஆராய வேண்டிய கடமையை மறக்கச் செய்கிறது.

3. தன்வயமிழத்தல்

சுவாரஸ் 2010இல் ஒட்மன் பக்கலையும், 2013இல் பிரானிஸ்லாவ் இவானோவிச்சையும், 2014 உலகக் கோப்பையில் ஜார்ஜோ கியெல்லினியையும் கடித்தார். இவற்றால் ஆட்டப் பயன் எதுவும் இல்லை. மூன்றாவது செயலுக்கு 9 பன்னாட்டு ஆட்டங்களுக்கும், அனைத்துக் கால்பந்து நடவடிக்கைகளிலிருந்து 4 மாதங்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. அவரின்றி ஆடிய உருகுவே அடுத்த சுற்றிலேயே கொலம்பியாவிடம் தோற்றது.

எனினும் இங்கும் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. மூன்றும் இரண்டாம் பாதியில், அவருடைய அணி முன்னிலை பெறாத நிலையில், எதிராளியோடு உடல் நெருங்கிய தருணத்தில் நிகழ்ந்தவை. மூன்று நிகழ்வுகளைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாதெனினும், கணத்தை முன்னறிய இயலாதபோதும் சூழலை முன்னறியக் கூடும் என்பதற்கு இவை சான்றாகின்றன.

முடிவுரை

முதல்வகைச் செயலுக்கு உத்தியும், இரண்டாவதற்கு விதியமைப்பும், மூன்றாவதற்கு உளநிலையும் விளக்கம் தருகின்றன. 2013 ஏப்ரலில் இவானோவிச்சைக் கடித்த அதே ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் சமன் செய்யும் கோலை அடித்தவரும் சுவாரஸே. அக்கோல் அவருடைய குற்றத்தைக் குறைப்பதில்லை. அக்குற்றம் அவருடைய திறனைப் பொய்யாக்குவதுமில்லை. விளைவைக் கொண்டு முடிவை அளக்காமல், முடிவெடுத்த கணத்தில் ஆடுபவருக்குக் கிடைத்த காலம், தகவல், தேர்வுகள் ஆகியவற்றைக் கொண்டு அளப்பதே நடுநிலையான ஆய்வுமுறையாகும்.