உரிந்த பெயிண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது?

உங்கள் தெருவில் பழைய அம்பாசடர் கார் ஏதாவது நிற்கிறதா? மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவான கார் அது. 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் சென்னையில் பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் ஆசையாக வைத்துப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு காரைக் கண்டால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே வளையும் மட்கார்டின் ஓரம், கதவின் அடிப்பக்கம், முன்கண்ணாடி ரப்பரை ஒட்டிய இடம், டிக்கியின் மூலை ஆகியவற்றில்தான் பெயிண்ட் முதலில் உரியும்.

"அடுத்த மாசம் பெயிண்ட் அடிச்சிடலாம்" என்று வீட்டில் பேச்சு நடக்கும். பணம் சேர வேண்டும், பட்டறைக்காரருக்கு நேரம் கிடைக்க வேண்டும், மழை விட வேண்டும். அந்த ஒரு மாதம் ஆறு மாதம் ஆகிவிடுவதும் உண்டு. அதுவரை துரு காத்திருக்காது. இந்த இடைக்காலத்தில் காரைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? அதற்கு முதலில் துரு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டுப் பார்க்கும் சோதனையும் நினைவிருக்கும். சரி, இப்போது ஒரு கேள்வி. இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கிறது. சொட்டின் ஓரத்தில் தண்ணீர் மெல்லியதாக இருப்பதால் காற்று எளிதில் இரும்பை எட்டும். நடுவில் தண்ணீர் ஆழமாக இருப்பதால் காற்று குறைவாகவே எட்டும். இரும்பு எங்கே அரித்துப்போகும், ஓரத்திலா, நடுவிலா?

காற்று அதிகம் கிடைக்கும் ஓரத்தில்தான் என்று தோன்றும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலோக அரிப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920-களில் இந்தச் சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்தார். நிறம் மாறிக் காட்டும் இரண்டு வேதிப்பொருட்களையும் சொட்டில் கலந்தார். சொட்டின் நடுப்பகுதி நீலமானது. ஓரம் இளஞ்சிவப்பானது. நீலம் இருக்கும் இடத்தில் இரும்பு கரைகிறது என்று பொருள். அதாவது காற்று குறைவாக எட்டிய நடுப்பகுதியில்தான் இரும்பு அரித்துப்போனது. காற்று தாராளமாகக் கிடைத்த ஓரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை!

காரணம் இதுதான். இரும்பு அணுக்கள் தம்மிடமுள்ள எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகத் தண்ணீரில் இறங்குகின்றன. விட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி ஓரத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சில் அயனிகளாகின்றன. வாங்குகிற இடம் ஓரம், இழக்கிற இடம் நடு. ஒரே சொட்டுக்குள் ஒரு குட்டி மின்கலம் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனிகளும் ஓரத்திலிருந்து வரும் ஹைட்ராக்சில் அயனிகளும் வழியில் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத் துரு படிகிறது.

இனி அம்பாசடருக்கு வருவோம். பெயிண்ட் உரிந்து தகடு வெளியே தெரியும் இடத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். அதைவிடப் பெரிய ஆபத்து அதைச் சுற்றியுள்ள ஓரத்தில் இருக்கிறது. அங்கே பெயிண்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தகட்டைவிட்டுக் கொஞ்சம் கிளம்பியிருக்கும். அந்த இடுக்கில் புகுந்த தண்ணீர் வெயிலில் சீக்கிரம் காயாது. காற்றும் சரியாகப் புகாது. எவன்ஸின் சொட்டில் நடுப்பகுதி இருந்த அதே நிலைமை! வெளியே திறந்து கிடக்கும் தகடு ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானை வழங்க, பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தகடு கரைந்துகொண்டே போகும். பிறந்த துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல், சில சமயம் ஐந்தாறு மடங்குகூட இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் பூரி மாதிரி உப்புகிறது. உப்பியது வெடிக்கும், புதிய ஓரம் உண்டாகும், அதற்கு அடியில் மறுபடியும் இதே கதை.

ஆகவே, தளர்ந்த பெயிண்டைப் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள். அதன் மேல் செல்லோடேப் ஒட்டுவதும், நகப்பூச்சு தடவி மூடுவதும் துருவுக்கு நாமே கூரை போட்டுக் கொடுப்பதுதான். தளர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கார் பார்க்க அசிங்கமாகிவிடும் என்று வீட்டில் தயங்குவார்கள். பரவாயில்லை, எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம் அல்லவா?

இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதல். சுரண்டுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள்.

முதல் வேலை, நல்ல தண்ணீரில் கழுவுவது. துரு பிடித்த இடத்தைத் தண்ணீரில் கழுவுவதா என்று கேட்பீர்கள். கடற்காற்றில் வந்து படிந்த உப்பை வேறு எதனாலும் எடுக்க முடியாது. உப்பு இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. தண்ணீரில் கரைந்து மின்சாரம் எளிதாக ஓட வழி செய்கிறது, அதனால் அந்தக் குட்டி மின்கலம் வேகமாக ஓடுகிறது. அத்தோடு, கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்களே. மழையே பெய்யாத நாளிலும் கடற்கரையோரத்துக் காரின் தகடு ஈரமாக இருப்பது இப்படித்தான்.

கழுவிய பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து, பட்டி பூசுகிற தகட்டால் தளர்ந்த பெயிண்டைத் தள்ளி எடுக்க வேண்டும். எதுவரை? பெயிண்ட் இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடம் வரும்வரை. அதன்பின் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்க வேண்டும். பெயிண்டின் விளிம்பையும் படிக்கட்டாக நிற்காதபடி சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். விளிம்பு செங்குத்தாக நின்றால் மேலே பூசுவது அந்த இடத்தில் மெலிந்து போய், மறுபடி அங்கேதான் பிளக்கும். தேய்த்துப் பளபளக்கும் தகட்டை விரலால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். தொடாதீர்கள். நம் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. சில நாளில் உங்கள் கைரேகை துருவாகவே அங்கே தெரியும்.

எவ்வளவு தேய்த்தாலும் சின்னச் சின்னக் குழிகளுக்குள் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்காகத்தான் துருமாற்றி என்ற திரவம் கடைகளில் விற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இதில் இருக்கிறது. இந்தத் திரவங்கள் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். தேயிலையிலும் கடுக்காயிலும் துவர்ப்பைத் தருவது அந்த வகைப் பொருள்தான். அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு டானேட் என்ற கருநிறப் பொருளாகிறது. தண்ணீரில் கரையாமல் தகட்டோடு ஒட்டிக்கொள்கிறது.

ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்களுக்கு இந்த வேதியியல் பல தலைமுறைகளாகக் கைவந்தது. துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். இன்னொரு பக்கம், துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் ஊறப்போட்டுப் பல நாள் புளிக்கவிடுவார்கள். அந்த நீரைத் தொட்டு, கடுக்காய் ஏறிய துணியில் கோடு இழுத்தால் கோடு கருப்பாகிறது. காரின் மட்கார்டில் துருமாற்றி தடவும்போது தோன்றும் கருப்பும் அதே குடும்பம்தான். வீட்டிலேயே பார்க்கலாம். பால் சேர்க்காத கெட்டித் தேநீரில் ஒரு துருப்பிடித்த ஆணியை ஓரிரு நாள் போட்டு வையுங்கள். தேநீர் கருத்துப்போவதைப் பார்த்த பிறகு அதைக் கீழே கொட்டிவிடுங்கள், குடித்துவிடாதீர்கள்.

வேறு சில துருமாற்றிகளில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லி குதுப்மினார் வளாகத்தில் நிற்கும், சுமார் 1600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் வெயிலிலும் மழையிலும் பெரிதாகத் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் பாஸ்பரஸுக்கும் தொடர்பு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அந்தத் தூணை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். பழங்காலக் கொல்லர்கள் உருவாக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் சற்று அதிகம், அதனால் மேற்பரப்பில் மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று அவர் விளக்கினார். ஆனால் துருமாற்றி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. மெல்லிய, இறுகப் பிடித்த துருவில் மட்டுமே அது வேலை செய்யும். செதில் செதிலாக உதிரும் துருவின் மேல் தடவுவது வீண். தகடு ஓட்டையாகியிருந்தால் டிங்கரிங் செய்கிறவர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதுதான்.

அடுத்தது பிரைமர். தேய்த்த அன்றே அடித்துவிட வேண்டும். கடற்கரையில் ஒரு ராத்திரி போனாலே தகட்டில் மஞ்சள் படரத் தொடங்கும். பட்டறைகளில் சிவப்பாக ஒன்று அடிப்பார்களே, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் நிறம் எதனால் தெரியுமா? இரும்பு ஆக்சைடால். துருவின் நெருங்கிய உறவினர்! ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுதாகச் சேர்ந்துவிட்டதால் அந்தப் பொடிக்கு இனி துருப்பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் அது தொந்தரவு இல்லாத நிறமியாக இருக்கிறது.

பிரைமர் அடித்தாயிற்று, இனி கவலையில்லை என்று பலர் காரை அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். இது சரியல்ல. சாதாரணப் பிரைமர் மேலே வரும் பெயிண்ட் நன்றாகப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் மெல்ல உள்ளே இறங்கும். வெகுநாள் காத்திருக்க வேண்டுமென்றால் எபாக்சி பிரைமர் நல்லது, அது தண்ணீரை எளிதில் விடாது. அது கிடைக்காவிட்டால் சாதாரணப் பிரைமருக்கு மேலே ஏதாவது ஒரு நிறத்தில் பெயிண்டைப் பூசி வைக்கலாம். நிறம் பொருந்தாவிட்டால் என்ன? எப்படியும் தேய்த்துவிட்டுத்தானே புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். எதுவுமே கையில் இல்லாத அவசரத்துக்கு, வெற்றுத் தகட்டில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி வைத்தால் சில நாள் தாங்கும். பெயிண்ட் அடிக்கும் முன்னால் அந்தக் கிரீஸைத் துளியும் விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒட்டாது.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுக் காரை இறுக மூடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், விடியற்காலைக் குளிர்ச்சியில் தார்ப்பாயின் உள்பக்கம் நீர்த்துளிகளாகிக் காரின் மேலேயே சொட்டும். காற்று போகும் துணி உறையோ, வெறும் கூரை நிழலோ எவ்வளவோ மேல். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். இலையும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அரித்துப்போகும். ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுவது உங்களால் முடிகிற வேலைதான்.

உங்களுக்கென்றே இன்னொரு வேலையும் உண்டு. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். காரின் மட்கார்டுகளிலும் கதவுகளின் அடிப்பக்கத்திலும் அதை வைத்து வைத்துப் பாருங்கள். கார்ப் பெயிண்ட் சுமார் 0.1 மில்லிமீட்டர் பருமன்தான். அதைத் தாண்டித் தகட்டைப் பிடித்து இழுக்கக் காந்தத்துக்குச் சிரமமே இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் பிடிக்காமல் வழுக்கி விழுந்தால், அங்கே எப்போதோ யாரோ துரு ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கக்கூடும். பட்டி காந்தத்தில் ஒட்டாது. அந்த இடங்களில் எல்லாம் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு ஒட்டி வையுங்கள். பெயிண்டர் வரும்போது ஒவ்வொன்றையும் காட்டி, பட்டியைப் பெயர்த்து உள்ளே தகடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே வேலை செய்யச் சொல்லுங்கள்.