சீனாவுக்குப் போக பார்ன்ஸ்லி வழி

பச்சை மேசை – 14

போன வாரம் தொழில்முறை ஸ்னூக்கர் டூரின் நுழைவுப் போட்டியான கியூ ஸ்கூலில் விட்டோம். டூரில் 128 பேர், கையில் இரண்டு வருஷ கார்டு, கெடு முடியும்போது முதல் 64-க்குள் இல்லையென்றால் மறுபடி கியூ ஸ்கூல் வாசல். இதற்குமேல் முன்கதை கேட்காதீர்கள். 1882-ல் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகள் எழுதப்பட்ட கதையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. பழைய இதழ்களை எடைக்குப் போட்டவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

இந்த வாரம் பங்கஜ் அத்வானி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 2012-ல் டூருக்குப் போன மனிதர் 2014-ல் ஏன் வேண்டாம் என்று திரும்பினார்? அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். குறிப்புகளைப் புரட்டும்போது நீல் ராபர்ட்சன் கார் ஓட்டிப் போன கதை குறுக்கே வந்தது. மூன்று நாளாக அதிலேயே கிடக்கிறேன். பக்கம் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லை, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி இரண்டு. ஒன்று தெற்கு யார்க்‌ஷயரில், ஒரு காலத்தில் நிலக்கரியால் பிழைத்த ஊர். அங்கே மெட்ரோடோம் என்று ஒரு விளையாட்டு வளாகம். ஒரு பக்கம் நீச்சல்குளம், இன்னொரு பக்கம் ஸ்னூக்கர் தகுதிச் சுற்று. மற்ற பார்ன்ஸ்லி தெற்கே குளோஸ்டர்ஷயரில், சைரன்செஸ்டர் பக்கம், தேன் நிறக் கல்வீடுகள் கொண்ட கிராமம். இரண்டுக்கும் நடுவே சாலை வழியே 250 கிலோமீட்டருக்கு மேல். 2019-ல் ஒரு நாள் மெட்ரோடோமில் ஆட வேண்டிய ராபர்ட்சன், காரின் வழிகாட்டிக் கருவியில் ‘பார்ன்ஸ்லி’ என்று தட்டினார். கருவி அவரைப் பத்திரமாக, பிசகில்லாமல், குளோஸ்டர்ஷயரில் கொண்டுபோய் இறக்கியது.

குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி போகக் கிளம்பி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடியில் போய் இறங்கி, “குரு கோயில் எங்கே?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதேதான். அங்கே டீக்கடைக்காரர் கையை வடகிழக்கே காட்டி, வலங்கைமான் பக்கம் போகச் சொல்லுவார். மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், குருவும் காத்திருப்பார். தகுதிச் சுற்று காத்திருக்காது. ராபர்ட்சன் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் அந்தப் போட்டியிலிருந்து விலகினார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வழி தவறியது அல்ல. வழி தவறியவர் யார் என்பது. 2010-ன் உலகச் சாம்பியன். இங்கிலாந்துக்கு வந்து 16 வருஷம் அங்கேயே வாழ்ந்தவர். அவருக்கே ஊர் குழம்புகிறதென்றால், நேற்று மான்செஸ்டரில் இறங்கிய பத்தொன்பது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்று அவர் தவறவிட்டது எந்தப் போட்டியின் தகுதிச் சுற்று தெரியுமா? வேர்ல்டு ஓப்பன். அது நடந்தது சீனாவில், யூஷான் என்ற ஊரில்.

இந்த இடத்தில்தான் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். யூஷானில் ஆட வேண்டுமானால் முதலில் பார்ன்ஸ்லியில் ஜெயிக்க வேண்டும். டூரில் இருக்கும் சீனப் பையன்களுக்கும் அதுதான் விதி. சொந்த நாட்டில் நடக்கும் போட்டியில் ஆட, முதலில் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து யார்க்‌ஷயர் போய், ஒரு தடுப்புக்குள் நாலைந்து பேர் பார்க்க ஆடி ஜெயித்து, பிறகு வீட்டுக்குத் திரும்ப உரிமை பெற வேண்டும். தோற்றால் தன் ஊர்ப் போட்டியை டிவியில் பார்க்கலாம். பெரிய நட்சத்திரங்களுக்கும் அந்தந்த நாட்டின் செல்லப்பிள்ளைகளுக்கும் மட்டும் சலுகை: அவர்களுடைய முதல் ஆட்டத்தை எடுத்துவைத்திருந்து போட்டி நடக்கும் ஊரிலேயே ஆடவிடுவார்கள். டிக்கெட் விற்க வேண்டுமே. பெயர் தெரியாதவன் பார்ன்ஸ்லிக்குத்தான் போக வேண்டும்.

நம் பக்கமும் இதே கதைதான். இந்தியன் ஓப்பன் 2013-ல் டெல்லியில் தொடங்கி மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம் சுற்றி 2019-ல் கொச்சி வரை வந்தது. அதற்கும் தகுதிச் சுற்று இங்கிலாந்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து கொச்சி ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. ஆட்டக்காரனுக்கு வழி இங்கிலாந்து சுற்றி. அந்த டெல்லிப் போட்டியில் ஆதித்ய மேத்தா இறுதிவரை போய் சீன நட்சத்திரம் டிங் ஜுன்ஹுயியிடம் 5-0 என்று தோற்றார். ரேங்கிங் போட்டி ஒன்றின் இறுதிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நிர்வாகத்தின் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை. 128 பேரையும் சீனாவுக்குக் கூட்டிப்போய் முதல் நாளே பாதிப்பேரைத் திருப்பி அனுப்ப யாருக்குக் கட்டுப்படியாகும்? நடுவர்கள், மேசைகள், பெரும்பாலான ஆட்டக்காரர்கள் எல்லாம் இங்கிலாந்தில். அதனால் தகுதிச் சுற்றும் அங்கே. ஆட்டக்காரர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், தகுதிச் சுற்று அங்கே நடக்கிறது, அதனால்தான். இந்தச் சக்கரத்துக்குள் ஒரு வெளிநாட்டுக்காரன் நுழைய ஒரே வழி, குடிபெயர்வது.

ராபர்ட்சன் நுழைந்ததும் அப்படித்தான். டீன் ஏஜிலேயே டூருக்கு வந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் மெல்போர்னுக்குத் திரும்பியவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். அந்தக் கியூவை விட்டு விலகி மற்ற கியூவை எடுத்துக்கொண்டு நியூசிலாந்து போனார். 2003-ல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை ஜெயித்து, அதன் பலனாக டூருக்குள் மறுபடி வந்தார். இங்கிலாந்தில் இறங்கும்போது கையில் 500 பவுண்டு. ஏழு வருஷத்தில் உலகச் சாம்பியன். நல்ல கதை. இதே 500 பவுண்டோடு வந்து ஏழே மாதத்தில் திரும்பிப்போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2010-ல் பேரி ஹெர்ன் கைக்கு ஆட்டத்தின் நிர்வாகம் வந்தபிறகு போட்டிகள் பெருகின, பரிசுப் பணமும் பெருகியது. ஆனால் பல போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றவனுக்குச் சல்லிக்காசு கிடையாது என்பதும் அவர் காலத்து ஏற்பாடுதான். யார்க்‌ஷயர்க்காரன் தோற்றால் பெட்ரோல் செலவோடு போயிற்று, ராத்திரி அம்மா கையால் சாப்பாடு. பாங்காக்கிலிருந்து வந்தவன் தோற்றால் வாடகை, சாப்பாடு, அடுத்த தகுதிச் சுற்று வரை மூன்று வாரம் பயிற்சி மேசைக்குக் கட்டணம். 2022-23 சீசனில் ஆளுக்கு 20,000 பவுண்டு உறுதி என்று ஒரு திட்டம் வந்தது. இனாம் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் ஜெயிக்கும் பரிசுப் பணத்தில் அதைக் கழித்துக்கொள்வார்கள். நம்மூர் பாஷையில் அட்வான்ஸ்.

மேசை விஷயமும் சும்மா இல்லை. போட்டி மேசையில் கல்பலகைக்கு அடியில் சூடேற்றி வைத்திருப்பார்கள். ஈரம் போய்விடும். துணி மெல்லியது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். கடலோர ஊர்க் கிளப்பில், அடைமழை மாதத்தில், துணி ஈரம் குடித்துப் பந்து நகர மறுக்கும் மேசையில் கை பழகியவனுக்கு அங்கே முதல் மூன்று ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டியே போய் நிற்கும். நாலு ஃபிரேம் ஜெயித்தால் முடியும் குட்டி ஆட்டத்தில் மூன்று ஃபிரேம் போனால் மிச்சம் என்ன?

இத்தனையும் விசா கிடைத்தவனுக்கு. கிடைக்காதவனுக்கு ஹுசைன் வஃபாயி.

ஈரான் நாட்டுப் பையன். 2011-ல் நமக்குப் பக்கத்தில், பெங்களூரில்தான், 17 வயதில் உலக அமெச்சூர் பட்டத்தை ஜெயித்தான். பரிசு, டூர் கார்டு. பிரிட்டிஷ் விசா வரவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கார்டின் இரண்டு வருஷம் விசாவுக்காகக் காத்திருப்பதில்லை. ரேஷன் கார்டு கையில் இருக்கிறது, கடை வேறு ஊரில் இருக்கிறது, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், மாசக் கடைசி வந்துவிட்டது. அப்படியே இரண்டு சீசன் பெரும்பாலும் கரைந்துபோனது. பாகிஸ்தானின் ஹம்ஸா அக்பருக்கும் இதே கதி: 2015 ஆசியப் பட்டத்தின் இறுதியில் ஜெயித்து வாங்கிய கார்டு, முதல் சீசனின் பெரும்பகுதியை விசாவுக்காகக் காத்தே தின்றது. அந்த இறுதியில் 7-6 என்று அவரிடம் தோற்றவர் யார்? நம் அத்வானி. பார்த்தீர்களா, அவரை மறக்கவில்லை.

வஃபாயி பிறகு வந்து சேர்ந்தார். 2022 ஜனவரியில் ஷூட் அவுட்டை ஜெயித்தார். ஒவ்வொரு ஆட்டமும் பத்தே நிமிஷத்தில் முடியும் போட்டி அது. வருஷக்கணக்கில் காக்கவைக்கப்பட்டவருக்கு முதல் ரேங்கிங் பட்டம் அதில் வந்தது. அதே வருஷம் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கில் உலகப் போட்டி ஆடிய முதல் ஈரானியரானார்.

க்ரூசிபிளில் உலகப் போட்டிக்கு இடம் 32. அதில் 16 மேல்தட்டுக்கு. மிச்சம் 16-க்குத்தான் இவ்வளவு அடிதடி. உலகப் போட்டித் தகுதிச் சுற்று வேறு ஜாதி: பத்து ஃபிரேம் ஜெயிக்க வேண்டும், அப்படி நாலு சுற்று வரை. டிங்கே 2016-ல் முதல் 16-லிருந்து வழுக்கி, தகுதிச் சுற்று ஆடி, அங்கிருந்து இறுதி வரை போனார். மார்க் செல்பியிடம் 18-14 தோல்வி. 2025-ல் ஜாவோ ஷின்டாங் நாலு தகுதி ஆட்டமும் ஆடினார். சூதாட்ட விவகாரத்தில் 20 மாதத் தடை முடிந்து, கார்டுகூட இல்லாமல் அமெச்சூராக வந்தவர். (அந்த விவகாரத்துக்குத் தனி வாரம் உண்டு, அவசரப்படாதீர்கள்.) அரையிறுதியில் ஓ’சல்லிவனை 17-7, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12. ஆசியாவின் முதல் உலகச் சாம்பியன்.

அவர் தகுதிச் சுற்று ஆடியதும் ஷெஃபீல்டில், கோப்பை வாங்கியதும் ஷெஃபீல்டில், பயிற்சி எடுப்பதும் ஷெஃபீல்டில். சீனப் பையன்கள் அந்த ஊரில் அகாடமி வைத்து, அறை எடுத்து, சேர்ந்து சமைத்து, கூட்டமாகக் குடியேறிவிட்டார்கள். தூரத்தோடு மல்லுக்கட்டாமல் தூரத்தையே இல்லாமல் செய்துகொண்டார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களோ ஒவ்வொருவராகப் போனார்கள், ஒவ்வொருவராக இருந்தார்கள், ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

அத்வானி கதை இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன். அடுத்த வாரம் நிச்சயம், வழியில் எந்தப் பார்ன்ஸ்லியும் குறுக்கிடாவிட்டால்.

(தொடரும்)