மேப்பிளும் ஏர் ஃப்ரையரும்

அக்டோபர் நடுவில் டொராண்டோவின் பல குடியிருப்புத் தெருக்களில் மூன்று வகை மேப்பிள்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். சுகர் மேப்பிள் ஆரஞ்சும் சிவப்புமாக மாறியிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வைத்த ஜப்பானிய மேப்பிள் இரத்தச் சிவப்பில் நிற்கும். நடைபாதையோரத்து நார்வே மேப்பிள் மட்டும் பாதிப் பச்சை கலையாமல், இலையெல்லாம் தார் தெறித்தாற்போல் கரும்புள்ளிகளோடு நிற்கும்; கடைசியில் அது மஞ்சளாகும், சிவக்காது. (அந்தப் புள்ளிகள் ஒரு பூஞ்சையால் வருபவை. பார்க்கத்தான் அசிங்கம், மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை.) ஒரே குளிர், ஒரே வெயில், நிறம் மட்டும் வேறு வேறு.

மஞ்சளுக்குக் காரணம் சொல்வது எளிது. கரோட்டினாய்டு என்னும் அந்த நிறமிகள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தவைதான். பச்சையம் மிகுந்திருந்ததால் வெளியே தெரியவில்லை. பச்சை ஏன் போகிறது, எங்கே போகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் கணக்கை முடிக்க ஆரம்பிக்கிறது. இலையில் அது போட்ட முதலில் அருமையானது நைட்ரஜன். அதை உதிரும் இலையோடு விட்டுவிடாமல், ஏறக்குறைய பாதியையாவது கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில் இருக்கிறது. அவற்றில் பலவற்றோடு பச்சையம் பிணைந்திருக்கிறது. புரதத்தை எடுக்க வேண்டுமென்றால் பச்சையத்தைக் கழற்ற வேண்டும். ஆனால் தனித்து விடப்பட்ட பச்சையத்தின் மேல் வெயில் பட்டால் செல்லுக்கே ஆபத்து. ஆகவே மரம் அதைப் படிப்படியாகச் சிதைத்து, நிறமே இல்லாத பொருளாக்கி ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. காடு காடாக ஆண்டுதோறும் கண்ணெதிரே நடக்கிற காரியம் இது. ஆனாலும் அந்த நிறமற்ற பொருள் இன்னதென்று முதன்முதலில் தெரிந்தது 1991-இல்தான். பெர்ன்ஹார்ட் க்ராய்ட்லர், ஃபிலிப் மத்தீல் ஆகியோரின் குழு பார்லி இலையில் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யார் தேடிப் போவார்கள்!

சிதைவின் முதல் படி, பச்சைய மூலக்கூற்றின் நடுவிலுள்ள மக்னீசியம் அணுவைப் பிடுங்குவது. அதற்கான மரபணு பழுதானால் செடி முதிர்ந்தாலும் பச்சை போகாது. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் மஞ்சள் பட்டாணி, பச்சைப் பட்டாணி என்று பிரித்தாரே, அந்தப் பச்சை இந்த மரபணுவின் பழுதால் வந்தது என்று 2007-இல் கண்டார்கள். மக்னீசியத்தைப் பிடுங்குவதுதான் அந்த மரபணுவின் வேலை என்பது தெரிய 2016 ஆகிவிட்டது.

சிவப்பின் கதை வேறு. அது ஒளிந்திருந்து வெளிவருவதல்ல. உதிரப்போகும் இலை சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகச் செய்யும் ஆந்தோசயனின். பகலில் நல்ல வெயில் அடித்தால் இலையில் சர்க்கரை சேர்கிறது. இரவு குளிர்ந்தால் அது இலையை விட்டு எளிதில் வெளியேறாது. இப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து வரும் ஆண்டில் தோட்டம் நன்றாகச் சிவக்கும். வேலியோரம் வளர்க்கும் பர்னிங் புஷ் செடியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது புரியும். வெயில் பக்கத்து இலைகள் கருஞ்சிவப்பு. கிளையை விலக்கி உள்ளே பார்த்தால் நிழலில் இருந்தவை வெளிறிய இளஞ்சிவப்பு. மேப்பிளில் ஓர் இலை இன்னொன்றின் மேல் படிந்திருந்தால், மூடியிருந்த இடம் மஞ்சளாகவே நின்றுவிடுவதும் உண்டு.

சாகப்போகும் இலைக்கு இந்தச் செலவு எதற்கு? இலையைக் காலி செய்யும்போது வெயில் தாக்காமலிருக்க இது ஒரு திரை என்பது ஒரு கட்சி. அசுவினிப் பூச்சிகளுக்கு ‘நான் வலுவான மரம், இங்கே முட்டையிடாதே’ என்று விடும் எச்சரிக்கை என்பது மறு கட்சி. இந்த இரண்டாவது கருத்தை முன்வைத்துப் பரிணாமவியலாளர் வில்லியம் ஹாமில்டன் சாம் பிரவுனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, ஹாமில்டன் இறந்த மறு ஆண்டு, 2001-இல் வெளிவந்தது. நிழல் பட்ட இடம் சிவக்காததைப் பார்க்கும்போது என் ஓட்டு திரைக்குத்தான்.

இனி சமையலறை; பச்சை மங்கும் கதை அங்கேயும் உண்டு. குளிர் தொடங்கி ஜன்னலைச் சாத்திவிட்ட கனடா வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்தால் வாசனை அலமாரியில் தொங்கும் ஜாக்கெட் வரை ஏறிவிடும். அதனால்தான் இங்கே ஏர் ஃப்ரையர் வாங்கியவர்களுக்கு அதன் மேல் இத்தனை பிரியம், எனக்கும்தான். பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சாதனம் இது. பெயர்தான் பொரிப்பான், உண்மையில் விசிறி வைத்த குட்டி ஓவன். வடை மாவை ஊற்றினால் கூடையின் துளை வழியே ஒழுகும், அதைச் சட்டிக்கே விட்டுவிட வேண்டும். வெண்டைக்காய்க்கு மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஈரம் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. விசிறி அந்த ஈரக்காற்றை உடனுக்குடன் அள்ளிக்கொண்டு போவதால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து, வழவழப்பும் அடங்கி, சூடு ஏறுகிறது. கூடையை அடைத்துப் போட்டால் காய் அவியுமே தவிர முறுகாது. சில நிமிடங்களில் வெண்டையின் பளிச்சென்ற பச்சை மங்கி, ஆலிவ் காய் நிறத்துக்கு வருகிறது. சூட்டில் செல்கள் உடைந்து உள்ளிருந்த அமிலம் பச்சையத்தைத் தொட்டு மக்னீசியத்தைக் கழற்றிவிட்டதன் விளைவு அது. மரம் எடுத்து வைக்கும் அதே முதல் படி! மரம் மேலும் பல படிகள் இறங்கிப் பச்சையை நிறமற்றதாக்குகிறது. நம் கூடையில் வேலை பாதியில் நிற்கிறது, அதனால்தான் அந்த அழுக்குப் பச்சை.

சூடு 140 டிகிரியை ஒட்டி ஏறியதும் விளிம்புகள் பழுப்பாகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நடத்தும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீல் மயார். வறுவலின் மணமும் சுவையும் பெரும்பாலும் இதனால்தான். இதே வழியில் அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருளும் உண்டாகிறது; சூடாக்கிய உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடனில் அறிவித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கில் இது அதிகம்.

மேப்பிளைச் சிவக்க வைக்கும் குளிர் இங்கேயும் கை வைக்கிறது. குளிர்ந்த இடத்தில் கிடக்கும் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அக்டோபர் இரவுகளில் கராஜில் போட்டுவைத்த மூட்டையிலிருந்து எடுத்து நறுக்கினால், உள்ளே வேகும் முன்பே மேலே கருகிவிடுவது இதனால்தான். பொரிக்க வைத்திருப்பதை வீட்டுக்குள் இருட்டான மூலையில் வைக்கலாம். நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துக் கூடையில் பரப்பினால் மேலேயுள்ள சர்க்கரை கொஞ்சம் கழன்றுவிடும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடலாம். கரும்பழுப்பு வரைக்கும் விட வேண்டியதில்லை.