புகாரை யாரிடம் கொடுப்பது?

இங்கிலாந்தில் முதியவர்களின் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, சாப்பாடு, மாத்திரை கொடுக்கும் பராமரிப்பை கவுன்சில் ஏற்பாடு செய்தாலும், வருவது பெரும்பாலும் தனியார் நிறுவன ஊழியர்தான். அவர் வராத நாளில் அந்த முதியவர் பட்டினி. கேட்டால், "கம்பெனியைக் கேளுங்க" என்று பதில் வரலாம்.

விதிகளைப் படித்தவரை எனக்குப் புரிந்தது இது: வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. அதனால் கவுன்சிலிடமே புகார் கொடுங்க. 2009 விதிமுறைப்படி, புகார் வந்துசேர்ந்ததை 3 வேலை நாளுக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதில் சரியில்லையா? உள்ளாட்சி, சமூகப் பராமரிப்புக்கான ஆம்புட்ஸ்மன் என்ற சுயேச்சையான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனா பொதுவாக, பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போயிடணும்.

ஊழியர் வராத தேதி, நேரம் எல்லாத்தையும் அன்னன்னைக்கே எழுதி வைங்க. அதுதான் சாட்சி.