மூளையின் மொழிப்பகுதிகள்: புரோக்கா பகுதி குறித்த மறுநோக்கு

முன்னுரை

மனிதப் பெருமூளையின் முன்மடல் திட்டமிடுதலுக்கும், உச்சிமடல் தொடுவுணர்வுக்கும், பொட்டுமடல் கேட்டலுக்கும், பிடரிமடல் பார்வைக்கும் உரியன என வகுத்துரைப்பர். இப்பகுப்பு பொதுநிலையில் பொருந்துவதே. எனினும், பேசுதல், கேட்டுணர்தல் எனப் பல கூறுகளைக் கொண்ட மொழிச்செயலை ஓரிரு பகுதிகளுக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இயலுமா என்பது ஆராயத்தக்கது.

இரு பகுதிகள்

1861ஆம் ஆண்டு பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்னும் நோயாளரைப் பால் புரோக்கா ஆராய்ந்தார். அந்நோயாளர் பிறர் கூறுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். ஆயின் அவர் எதைச் சொல்ல முயன்றாலும் பெரும்பாலும் ‘டான்’ என்னும் ஓரசையே வெளிப்பட்டது. அவர் இறந்தபின் செய்யப்பட்ட உடற்கூறாய்வில் இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தமை தெரியவந்தது. அவ்விடம் பின்னர்ப் புரோக்கா பகுதி எனப் பெயர்பெற்றது.

1874இல் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகைப் பேச்சுக்குறையை விளக்கினார். இடது பொட்டுமடலின் மேற்புறப் பின்பகுதி சிதைந்தோர் தடையின்றிப் பேசுவர். எனினும் அப்பேச்சில் பொருளியைபு இராது. பிறர் பேச்சை உணர்வதிலும் அவர்கள் இடர்ப்படுவர். இவற்றால், சொல்லை வெளிப்படுத்துதல் முன்பகுதிக்கும் பொருளுணர்தல் பின்பகுதிக்கும் உரியன என்னும் கருத்து நிலைபெற்றது.

மறுஆய்வு

1978இல் மோர் குழுவினர், புரோக்கா பகுதியின் எல்லைக்குள் மட்டும் நேரும் சிதைவு நீடித்த பேச்சிழப்பை விளைவிப்பதில்லை என எடுத்துக்காட்டினர். லெபோர்னின் மூளையைப் புரோக்கா அறுக்காமல் முழுமையாகப் பாதுகாத்து வைத்திருந்தமையால், அதனையும் மீண்டும் ஆராய வழி இருந்தது. 2007இல் நீனா டிராங்கர்சும் உடனாய்வாளர்களும் எம்.ஆர்.ஐ. கருவியால் அதனை ஆய்ந்தனர். புறப்பரப்பில் காணப்பட்ட சிதைவு, உள்ளே அமைந்த இன்சுலாப் பகுதியிலும், மூளையின் முன்பின் பகுதிகளை இணைக்கும் நீள்நரம்பிழைக் கற்றையிலும் பரவியிருந்தது. ஆகவே லெபோர்னின் பேச்சிழப்புக்குப் புறப்பரப்புச் சிதைவு ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

முடிவுரை

புரோக்கா பகுதிக்கு மொழியில் பங்கு உண்டு என்பதை இம்மறுஆய்வு மறுக்கவில்லை. பிற பகுதிகளோடும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளோடும் சேர்ந்தே அப்பகுதி இயங்குகிறது என்பதையே உணர்த்துகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோரின் மீட்சியை மதிப்பிடும்போது, சிதைந்த பகுதியின் பெயரை மட்டும் கருதாது, சிதைவின் ஆழத்தையும் இணைப்பிழைகளின் நிலையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பாடநூல்களும் மூளைப் பகுதிகளைப் பட்டியலிடும்போது அவற்றிடையேயுள்ள இணைப்புகளையும் உடன் விளக்குதல் தேவையாகிறது.