ரேஸ் ஓடிவிட்டது, பில் நிற்கிறது

கார் பந்தயம் அறிவித்ததும் திருப்பூருக்கு ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. டிசைனுக்கு ஒரு படம், சைஸுக்கு ஒரு படம், கூடவே "இருபது நாள்ல சரக்கு வேணும்ண்ணா, ரேட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று ஒரு குரல் பதிவு. அட்வான்ஸாகக் கொஞ்சம் பணம் ஜிபேயில் விழுகிறது. கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று இரவு ஷிப்ட் ஓட்டிச் சரக்கை ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பந்தயம் முடிந்து மூன்று மாதம் ஆனாலும் பாக்கி அப்படியே நிற்கிறது. ஏஜென்ட் ஈவென்ட் கம்பெனியைக் கைகாட்டுகிறார். ஈவென்ட் கம்பெனி அமைப்பாளரைக் கைகாட்டுகிறது. அமைப்பாளர் ஸ்பான்சரைக் கைகாட்டுகிறார்.

"பி.ஓ. (கொள்முதல் ஆணை) இருக்கா?" என்று கேட்டால் "பழக்கத்துலதான் குடுத்தோம்" என்கிறார்கள். "உத்யம் பதிவு?" என்றால் "ஆடிட்டர் போட்டிருப்பாரு" என்கிறார்கள். இந்த இரண்டு பதில்களையும் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயக் கணக்கும் உங்கள் கணக்கும்

பந்தயம் நடத்தினால் ஊருக்கு இத்தனை கோடி வருமானம் என்று அறிக்கைகள் வரும். அந்தத் தொகையில் ஓட்டல் அறை, விமான டிக்கெட், பந்தல், உணவு, பனியன், தொப்பி எல்லாமே அடங்கும். ஆர்டர் போன தொகை அதில் ஏறுகிறது. அந்தத் தொகை தைத்தவர் கைக்கு வந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஐதராபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா ஈ மின்கார் பந்தயம் நடந்தது. 2024 பிப்ரவரியில் நடக்க வேண்டிய அடுத்த பந்தயம், ஆட்சி மாறிய பிறகு, ஐந்து வாரமே மீதம் இருந்த நிலையில் ஜனவரியில் ரத்தானது. முதல் பந்தயத்தால் அந்தப் பகுதிக்குச் சுமார் 8.4 கோடி டாலர் பொருளாதாரப் பயன் கிடைத்தது என்று அமைப்பாளர்கள் சொன்னது, ரத்தை அறிவித்த அதே அறிக்கையில்தான்.

சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் ஃபார்முலா 4 பந்தயம் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில்தான் நடந்தது. அந்த முதல் நாளிலும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் தடச் சான்று வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 பந்தயம் 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகள் ஓடி நின்றுபோனது. அந்தத் தடத்தைக் கட்டிய குழுமத்தின் தலைமை நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் 2024 ஜூனில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

பந்தயம் தள்ளிப்போகும், ரத்தாகும், நடத்துபவர் நொடித்தும் போகலாம். நம் மாநிலத்திலும் வெளி மாநிலங்களிலும் பார்த்தாயிற்று. தேதி அச்சடித்த டி-சர்ட் அந்தத் தேதி தாண்டினால் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் கிலோ விலைக்குத்தான் போகும். 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறியபோது, உள்நாட்டு ஈவென்ட் ஆர்டர் எதுவானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்ற அவசரம் பலருக்கும் வந்தது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருக்கிறது, இந்த வகை ஆர்டர் இனியும் வரும். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காகிதம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்கிறேன்.

முதல் வேலை: உத்யம் பதிவு, சரக்கு போகும் முன்பே

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் போதும், ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் வைத்துக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் ஏராளம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

பதிவு இருந்தால் மட்டும் போதாது, மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, தாமதப் பணம் பற்றிய பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் எந்திர முதலீடு 25 கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கும் மிகாமல் இருந்தால் சிறு நிறுவனம். பவர் டேபிள், பிரிண்டிங், காஜா பட்டன் யூனிட்டுகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். இரண்டாவது, சான்றிதழில் உங்கள் தொழில் உற்பத்தி என்றோ சேவை என்றோ இருக்க வேண்டும். வெறும் வியாபாரம் என்று பதிந்திருந்தால் வங்கிக் கடனுக்கு உதவும், பாக்கி வசூலுக்கு உதவாது. ஆடிட்டர் போட்டிருப்பார் என்று விடாமல், சான்றிதழைத் திறந்து நீங்களே படியுங்கள்.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்குச் சட்டத்தின் பலன் கிடைக்காது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் இன்னொரு அமர்வு மாற்றுக் கருத்துச் சொல்லி, விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த மாற்றுக் கருத்தை நம்பி உங்கள் பணத்தைப் பணயம் வைக்காதீர்கள். பதிவு முதலில், சரக்கு பிறகு.

இரண்டாவது வேலை: பி.ஓ. யார் பெயரில்?

உங்களுக்குப் பணம் தர வேண்டியவர், பி.ஓ.விலும் பில்லிலும் எவர் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே. அரசு விழா, பெரிய கம்பெனி ரேஸ் என்று ஏஜென்ட் சொல்வதால் அரசோ அமைப்பாளரோ உங்களுக்குக் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஏஜென்ட் பெயரில் பில் போட்டால் ஏஜென்ட்தான் உங்கள் கடனாளி; அவருக்கு அந்த வசதி இருக்கிறதா என்று யோசியுங்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தில் அவர் எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எப்போது எடுத்தது, முகவரி எது என்று தெரியும். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தொடங்கிய தேதியும் இயக்குநர்களும் தெரியும். ரேஸுக்காகவே போன மாதம் தொடங்கிய கம்பெனி என்றால் முழுப் பணத்தையும் முன்னால் வாங்குங்கள். பத்து நிமிட வேலை இது. பத்து லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாதவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பி.ஓ.வில் இவை இருக்கட்டும்: பீஸ் கணக்கு, ரேட், ஒப்புதல் கொடுத்த டிசைனின் நகல், பணம் தரும் நாள். "பந்தயம் தள்ளிப்போனாலோ ரத்தானாலோ, ஒப்புதலுக்குப் பின் வெட்டி அச்சடித்த சரக்குக்கு முழு விலை தரப்படும்" என்ற வரியும், "திருப்பூர் குடோனில் ஏற்றியதே டெலிவரி" என்ற வரியும் கட்டாயம். ரத்து பற்றிய வரிக்கு ஆர்டர்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தேதி அச்சடிப்பதைக் கடைசி நாள் வரை தள்ளிவையுங்கள். டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்து, இ-வே பில், லாரி ரசீது மூன்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும்.

மூன்றாவது வேலை: டிசைன் யாருடையது?

ஃபார்முலா 1, பந்தய அணிகள், கார் கம்பெனிகள் ஆகியவற்றின் சின்னங்கள் பதிவு பெற்ற வணிகக் குறிகள். அனுமதியில்லாமல் அச்சடித்தால் 1999 வணிகக் குறிகள் சட்டத்தின் 103ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்கையும் ஸ்க்ரீனையும் கைப்பற்றிக்கொண்டு போவார்கள். "நான் ஜாப் ஒர்க் தானே செஞ்சேன்" என்றால் விடமாட்டார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

எனவே சின்னத்தின் உரிமையாளரோ உரிமம் பெற்றவரோ கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதியின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் ஆர்டர்காரரின் பெயர், பீஸ் கணக்கு, காலம் இருக்க வேண்டும். வணிகக் குறிப் பதிவேட்டின் பொதுத் தேடலில் 25ஆம் வகுப்பில், அதாவது ஆடை வகுப்பில், சின்னத்தை நீங்களே தேடிப் பார்க்கலாம். மிஞ்சிய பீஸையும் செகண்ட்ஸையும் சின்னத்தோடு காதர்பேட்டையில் தள்ளுவதும் இதே குற்றத்தில் கொண்டுபோய் விடும். ரத்தான ஆர்டரின் சரக்கும் அப்படித்தான். சின்னத்தை அழிக்காமல் விற்காதீர்கள்.

பணம் வரவில்லை: எங்கே போவது?

2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும். பி.ஓ.வில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45க்கு மேல் செல்லாது. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் குறையை எழுத்தில் சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே இரண்டு மாதம் கழித்து "கலர் சரியில்லை" என்று டெபிட் நோட் வந்தால் பயப்படாதீர்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 5.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 16.5 சதவீதம்.

முதலில் பாக்கி, பில் எண், உத்யம் எண், வட்டி நான்கையும் எழுதிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே வருமான வரி விதி ஒன்றையும் நினைவூட்டுங்கள். 2023 நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) ஆகச் சேர்த்த விதி இது. குறு, சிறு நிறுவனத்துக்குக் குறித்த காலத்தில் பணம் தராதவர், அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இந்த ஒரு வரிக்கே பணம் வந்துவிடுவது உண்டு.

வராவிட்டால் குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் தகராறு தீர்வுத் தளத்தில் மனுப் போடுங்கள். உத்யம் சான்று, பி.ஓ., பில், டெலிவரிச் சான்று தயாராக இருக்கட்டும். மனு குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். வாங்கியவர் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் வழக்கு உங்கள் பகுதி மன்றத்தில்தான் நடக்கும். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. எந்த மன்றம், எந்த நாள் என்று மாவட்டத் தொழில் மையத்தில் பொது மேலாளரிடம் கேளுங்கள். "ஆன்லைன்ல போட்டாச்சுல்ல, போங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மனு எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 90 நாள் எத்தனை மனுக்களில் காப்பாற்றப்படுகிறது என்று மன்றத்தில் காத்திருப்பவர்களைக் கேளுங்கள்; தொடர்ந்து கேட்பவர் மனுதான் நகர்கிறது. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமானால், எதிர்த்து வழக்குப் போட வருபவர் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும்.

செக் வாங்கியிருந்தால் நாள் கணக்கு கறாரானது. தேதியிட்ட மூன்று மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். ரிட்டர்ன் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அவர் நோட்டீஸ் பெற்ற பிறகு 15 நாள் அவகாசம். அது முடிந்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் புகார். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லை நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், அதாவது பெரும்பாலோருக்குத் திருப்பூரிலேயே. "அடுத்த வாரம் மறுபடி போடுங்கண்ணே" என்ற பேச்சைக் கேட்டு இந்த நாள்களைத் தவறவிட்டவர்கள் கணக்கில்லை. மறுபடி சொல்கிறேன்: 30 நாள்.

உத்யம் இல்லாதவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. பாக்கி 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் வணிக நீதிமன்றம்; அங்கே அவசர உத்தரவு கேட்காத வழக்குக்கு முன்பு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். கட்டணம் 1,000 ரூபாய். அதைத் தாண்டி நேராக வழக்குப் போட்டால் தள்ளுபடியாகும்.

வாங்கிய கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் மற்ற வழக்குகள் நின்றுவிடும். பொது அறிவிப்பு வந்ததும் படிவம் பி-யில் உங்கள் பாக்கியைத் தீர்வு நிபுணரிடம் கோர வேண்டும். முதல் கெடு 14 நாள்தான். செய்தித்தாளின் அந்த மூலை அறிவிப்பைப் படிக்காதவர் பட்டியலில் இருக்க மாட்டார். "உங்களைத் திவால் ஆக்கிருவேன்" என்று நீங்கள் மிரட்டுவதும் பாக்கி ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவு என்றால் பலிக்காது.

அரசுக்கு ஒரு வார்த்தை

பந்தயத்துக்கு அரசு பணமோ சாலையோ பாதுகாப்போ கொடுக்கிறது என்றால், சிறு சப்ளையர்களின் பாக்கியைத் தீர்த்ததற்கான சான்றை அமைப்பாளரிடம் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. கடைசித் தவணையை விடுவிக்கும் முன் அந்தச் சான்றைக் கேட்டாலே பாதி வழக்குகள் வராது. வருமான அறிக்கையில் கோடிகளை எண்ணுபவர்கள் இந்த ஒரு பத்தியையும் சேர்த்தால் நல்லது.

அதுவரை அரசை எதிர்பார்க்காதீர்கள். அடுத்த ரேஸ் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்ததும் ரேட்டைச் சொல்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: பி.ஓ., ஜி.எஸ்.டி. எண், சின்னத்துக்கான அனுமதிக் கடிதம். மூன்றும் வராத ஆர்டருக்கு மெஷினைப் போடாதீர்கள்.